இடிக்கும்முன் யாரைக் கேட்கிறார்கள்?

ஜோர்ஜ் டவுனின் உலகப் பாரம்பரிய எல்லைக்குள் ஒரு பழைய கடைவீட்டில் கை வைப்பது இன்று லேசான காரியமல்ல. பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கு வரைபடங்களோடு விண்ணப்பம் போக வேண்டும். மரபுடைமைப் பிரிவு அதைப் பார்க்கும். கட்டடக் கலைஞர்கள் அமர்ந்த தொழில்நுட்ப ஆய்வுக் குழுவும் பார்க்கும். 2016-இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம் அந்தக் கட்டடத்தை எந்த வகையில் சேர்த்திருக்கிறது என்று தேடுவார்கள். முதல் வகை என்றால் ஏறக்குறையத் தொடவே முடியாது. இரண்டாம் வகை என்றால் முகப்பும் ஓட்டுக் கூரையும் உள்முற்றமும் அஞ்சடியும் இருந்தபடி இருக்க வேண்டும். காலி மனையில் புதிதாகக் கட்டினாலும் பொதுவாக 18 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. இத்தனை விசாரிப்பிலும் ஒரு கேள்வி மட்டும் இல்லை: உள்ளே இருப்பவர் யார், எத்தனை காலமாக இருக்கிறார், அவர் என்ன சொல்கிறார்? இந்தக் கேள்வி ஒரு காலத்தில் இதே ஊரில் சட்டப்படி கேட்கப்பட்டது என்பதுதான் விந்தை. கேட்டது எந்த மரபுடைமைச் சட்டமும் அல்ல, எல்லாரும் குறை சொன்ன வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் பிறந்து, 1966-இல் முழு வடிவம் பெற்ற அந்தச் சட்டம் 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உறைய வைத்தது. நாட்டிலேயே அத்தகைய கட்டடங்கள் மிகுந்த ஊர் ஜோர்ஜ் டவுன்தான். 12,000-க்கும் மேல் இருந்தன. வாடகை உயராததால் உரிமையாளர் ஓடு மாற்றக்கூடக் காசு செலவழிக்கவில்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்றாலோ, அதற்கும் நினைத்தபடி கிளம்ப முடியாது. குடியிருப்பவரை வெளியேற்றிப் புதுக் கட்டடம் எழுப்ப வாடகை நடுவர் மன்றத்தின் உத்தரவு வேண்டும். அங்கே குடியிருப்பவரும் தம் தரப்பைச் சொல்லலாம், இழப்பீடும் கோரலாம். பினாங்குத் தெருவிலும் குயின் தெருவிலும் மளிகை, துணி, பாத்திரம், காசுக்கடை நடத்திய நம்மவர் பலர் நிலமில்லாத வாடகைக்காரர்களே. கட்டடக் கலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத சட்டம், ஆளைக் காப்பாற்றப் போய்க் கட்டடத்தையும் சேர்த்துக் காப்பாற்றியது.

ஆனால் அதை வானளாவப் புகழ வேண்டியதில்லை. அரசே இடிக்கக் கிளம்பியபோது அந்தச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1974-இல் தொடங்கி 1986-இல் முடிந்த 65 மாடிக் கொம்தார் கோபுரத்துக்காக நகரின் நடுவே தெருத் தெருவாகக் கடைவீடுகள் தரைமட்டமாயின. பினாங்கு மரபுடைமை அறவாரியம் தோன்றியதும் அதே 1986-இல்தான். தனியார் தரப்பிலும் துணிச்சல் குறையவில்லை. சயாமின் பூக்கெட் வட்டாரத்தை ஆண்ட காவ் சிம் பீயின் மாளிகையாக நோர்தாம் சாலையில் எழுந்து, பின்னர் மெட்ரோபோல் ஹோட்டலாக மாறிய கட்டடத்தை 1993 கிறிஸ்துமஸ் விடுமுறையில், அதிகாரிகள் வீட்டிலிருந்த நேரம் பார்த்து, அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளினார்கள். பினாங்கில் பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டன: முதலில் இடிபாடு, அப்புறம் கூச்சல், கடைசியில் விதி.

1997-இல் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் நிறைவேறி, 2000 தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு முற்றிலும் ஒழிந்தது. சில தெருக்களில் வாடகை பல மடங்கு ஏறியது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் ஆயர் ஈத்தாமுக்கும் பாலத்துக்கு இப்பால் செபராங் பிறைக்கும் போயின. நடுவர் மன்றமும் போயிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலை 7-இல், மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. உடனே வேறொரு தலைவலி. பட்டியலுக்கு முன்பே அனுமதி பெற்றிருந்த நான்கு ஹோட்டல் திட்டங்கள் உயர வரம்பை மீறுகின்றன என்று தெரியவந்து, 2009-இல் யுனெஸ்கோ ஆய்வுக் குழு வந்து பார்க்க வேண்டியதாயிற்று. அதன்பின் 2011-இல் மாநில மரபுடைமைச் சட்டம், 2016-இல் சிறப்புப் பகுதித் திட்டம் என்று வேலி இறுகியது. ஆனால் வேலிக்குள் ஆள் குறைந்துகொண்டே வந்தது. பாரம்பரிய எல்லைக்குள் 2009-இல் பத்தாயிரம் பேரளவில் இருந்த குடித்தொகை, 2013 கணக்கெடுப்பில் 9,400 அளவுக்கு இறங்கியிருந்தது. சுவர் நின்றது, குடி பெயர்ந்தது.

இங்கேதான் முரண்பாடு பல்லிளிக்கிறது. ஜோர்ஜ் டவுன் பட்டியலில் ஏறியதற்கு யுனெஸ்கோ சொன்ன மூன்று காரணங்களில் ஒன்று, ஆசியாவின் பல பண்பாடுகள் இன்னும் உயிரோடு வாழும் சான்று இந்நகரம் என்பது. அப்படியானால் 1833-இல் கட்டிய குயின் தெரு மாரியம்மன் கோயில் மட்டுமல்ல, அதைச் சுற்றிப் பூக்கட்டி விற்பவரும் காப்பாற்றப்பட வேண்டிய மதிப்பின் பகுதியே. பூக்காரரின் கடை கபேயாக மாறினாலும் முகப்பு அப்படியே இருந்தால் தொழில்நுட்ப ஆய்வுக் குழுவின் கணக்கில் இழப்பு எதுவுமில்லை. இதைக் குழுவில் இருப்பவர்களின் குற்றமாக நான் பார்க்கவில்லை. அவர்கள் கையில் கொடுத்த படிவத்தில் அந்தக் கட்டமே கிடையாது.

படிவத்துக்கு மூலம் திட்டமிடல் சட்டம். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு விண்ணப்பம் வந்தால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும். 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். கவனிக்க வேண்டியது ‘உரிமையாளர்களுக்கு’ என்பது. பேசும் உரிமை பட்டாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாடகைக்காரருக்கும் தோட்டக் குடியிருப்புக்காரருக்கும் கடிதம் வராது. இதன் விளைவை 2009-இல் குளுகோரில் கண்டோம். பிரவுன் குடும்பத் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்த தமிழர்கள் மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலாவின் நிலம் முந்தைய மாநில அரசின் காலத்தில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது, அடுத்து வந்த அரசின் காலத்தில் இடிபட்டது. மக்கள் கூட்டரசு நீதிமன்றம்வரை போனார்கள், தோற்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இயந்திரங்கள் உள்ளே நுழைந்தன. பெரும்பாலான குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது உண்மை. ஆனால் அந்த வழக்கு நெடுகிலும் பேசப்பட்டது நிலம் யாருக்கு என்பதே. இப்படி ஒரு கிராமம் தீவில் வேறெங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்க வேண்டிய கடமை எந்த மேசைக்கும் இருக்கவில்லை. யுனெஸ்கோ பட்டம் வந்து பதினைந்து மாதம்கூட முழுதாக ஓடியிருக்கவில்லை அப்போது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் வலுவும் உண்டு. மரபுடைமைக் குழு கட்டடத்தைப் பார்க்க அமைந்தது, வாடகைச் சச்சரவை அதன் தலையில் கட்டலாமா என்பார்கள். குழு தீர்ப்புச் சொல்ல வேண்டாம், கேட்டுக் குறித்துக்கொண்டாலே போதும் என்பது என் பதில். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் 1979 முதல் ஒரு விதி இருக்கிறது. ஐம்பதாண்டு தாண்டிய கட்டடத்தை இடிக்க விண்ணப்பித்தால் வரலாற்று ஆணையம் பொது விசாரணை வைக்கும். மதிப்புள்ளது என்று கண்டால் இடிப்பைச் சில மாதம் தள்ளிவைக்கும். நிரந்தரத் தடை இல்லை. அந்த விசாரணையில் பேச நிலப்பத்திரம் காட்ட வேண்டியதில்லை. தள்ளிவைத்த காலத்தில் வேறு வழி தென்படாவிட்டால் உரிமையாளர் இடித்துக்கொள்ளலாம். இதனால் உரிமையாளர் இழப்பது சில மாதம்தான்.

உரிமையாளர்களின் மனக்குறை இன்னும் ஆழமானது. வாடகைக் கட்டுப்பாடு தங்களை முப்பது ஆண்டுக்கு மேல் பிழிந்தெடுத்தது, மறுபடியும் அதையா கொண்டுவருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கோபம். அந்தச் சட்டத்தின் உறைந்த வாடகையை யாரும் திரும்பக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பது நடுவர் மன்றத்தில் இருந்த அந்த நாற்காலியை மட்டும். மேலும் ஜோர்ஜ் டவுனில் உரிமையாளர் என்றால் எப்போதும் தனிமனிதர் அல்ல. சீனக் குலச் சங்கங்கள், வக்பு நிலங்கள், 1906-லிருந்து செயல்பட்ட முகமதிய, இந்து அறக்கட்டளை வாரியத்தின் வழிவந்த அமைப்புகள் என்று சமூகத்தின் பெயரால் நிலம் வைத்திருப்போர் பலர். சமூகத்தின் பெயரால் வைத்திருப்பவர் சமூகத்தைக் கேட்பது பெரிய தியாகமாகாது.

முக்கியமானதென்றால் பட்டியலில் ஏறியிருக்கும், ஏறவில்லையென்றால் முக்கியமில்லை என்றும் ஒரு வாதம் உண்டு. கடாரத்தின் எச்சங்கள் சிதறிக்கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டியை (பழங்கோயிலின் எச்சத்தை) 2013-இல் ஒரு நில மேம்பாட்டுப் பணி மண்ணோடு மண்ணாக்கியது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான அந்தச் சின்னம் அரசிதழில் ஏற்றப்படவில்லை என்பதே பிறகு வந்த விளக்கம். ஆயிரமாண்டுக் கோயில் அடித்தளத்துக்கே இந்தக் கதி என்றால் தோட்டத்து லயத்துக்கு எந்தப் பட்டியலில் இடம் கிடைக்கும்?

லயத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் என்று நீளும் தென் செபராங் பிறையில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பின்னர் ரப்பர் வந்தது, எண்ணெய்ப் பனை வந்தது. நிபோங் திபால் அருகே கலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டன் துரைகளின் 99 கதவு மாளிகை, பாழடைந்தும், எல்லாருக்கும் தெரிந்த அடையாளமாக இருக்கிறது. பேய்க்கதைகூட அதற்குத்தான் கட்டினார்கள். அந்த மாளிகைக்குச் சோறு போட்ட தொழிலாளர் லயங்கள், கிராணி வீடுகள், ஆயாக் கொட்டகைகள் தோட்டம் கைமாறும்போதெல்லாம் சத்தமில்லாமல் மறைகின்றன. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம் முழுவதுக்கும் உரியதுதான், தீவுக்கு மட்டுமல்ல. எனவே செபராங் பிறை மாநகர் மன்றம் செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: ஐம்பதாண்டு தாண்டிய எந்தக் கட்டடத்துக்கும் இடிப்பு விண்ணப்பம் வந்தால், அங்கே வாழ்பவர் அல்லது வேலை செய்பவர் யார், அவரிடம் கேட்டாயிற்றா என்று ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்க்கட்டும். தோட்டக் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளி வாரியங்களும் அதுவரை காத்திருக்க வேண்டாம். தங்கள் சுற்றுவட்டாரத்தில் நிற்கும் பழைய கட்டடங்களைப் படமெடுத்து, ஆண்டும் பெயரும் எழுதி, மாநகர் மன்றத்துக்கு இப்போதே அனுப்பி வையுங்கள். விண்ணப்பம் வந்தபின் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு குறைவு.