நுனி வெட்டினால் கூந்தல் நீளுமா? ஒரு நம்பிக்கையின் வரலாறு

முன்னுரை

மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்னும் வினா தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்ததாகும். குறுந்தொகையின் இரண்டாம் பாடலை அடிப்படையாகக் கொண்டு திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கும் அவ்வழக்கில் பாண்டியனும் நக்கீரரும் இறைவனும் பங்கு கொள்கின்றனர். அதற்கு அண்மையில் வைத்து எண்ணத்தக்க வினா இன்னொன்று உண்டு. கூந்தலின் நீளம் இயற்கையால் அமைவதா, மனிதச் செயலால் விளைவதா என்பதே அது.

குழந்தைக்கு மொட்டையடித்தால் முடி அடர்ந்து வளரும் என்பதும், நுனியை அவ்வப்போது வெட்டிவிட்டால் கூந்தல் விரைந்து நீளும் என்பதும் நம் இல்லங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் இன்றும் வழங்கிவரும் கருத்துகளாகும். இவை நம் முன்னோர் கண்ட அறிவியல் என மேடைகளில் எடுத்துரைக்கப்படுவதும் உண்டு. பண்டைய நூல்கள் உண்மையில் அவ்வாறு கூறுகின்றனவா? ஆய்வுக்கூடங்கள் கண்ட முடிவு யாது? நுனி வெட்டுவதால் பயனே இல்லையா? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இலக்கியங்களில் முடி நீக்கம்

கூந்தல், ஓதி, கதுப்பு, குழல், அளகம் எனத் தலைமுடியைக் குறிக்கும் சொற்கள் சங்க இலக்கியம் முதலாகப் பல உள்ளன. கூந்தலை ஐந்து வகையாக முடிக்கும் வழக்கத்தை ஒட்டி எழுந்த ‘ஐம்பால்’ என்னும் சொல்லும் குறிப்பிடத்தக்கது. அவ்வைந்து வகைகளும் எவை என்பதில் உரையாசிரியர்களிடையேயும் நிகண்டுகளிடையேயும் வேறுபாடு காணப்படினும், அவை அனைத்தும் நீண்ட முடியைச் சுருட்டியும் முடிந்தும் பின்னியும் அமைக்கும் முறைகளாகவே உள்ளன.

முடி களைதல் பற்றிய சங்கச் சான்றுகளோ வேறு சூழலைச் சேர்ந்தவை. புறநானூற்றின் 250ஆம் பாடலும் 261ஆம் பாடலும் கணவனை இழந்த பெண்ணின் கூந்தல் கொய்யப்பட்டதைக் காட்டுகின்றன. அங்கு முடி நீக்கம் இழப்பின் அடையாளமாகும். மீண்டும் செழித்து வளர்வதற்கான ஏற்பாடாக அது பேசப்படவில்லை.

பக்தி மரபில் இச்செயல் காணிக்கையாகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் மானக்கஞ்சாற நாயனார் வரலாறு இதற்குத் தக்க சான்று. மகளின் திருமண நாளன்று மாவிரதி வேடத்தில் வந்த இறைவன், மயிரால் ஆகிய பஞ்சவடி என்னும் பூணூலுக்கு மணமகளின் கூந்தல் உதவும் என்கிறார். தந்தையார் தயங்காது அக்கூந்தலை அடியில் அரிந்து கொடுக்கிறார். பின்னர் வந்த மணமகனாகிய ஏயர்கோன் கலிக்காமர், முடியிழந்த பெண்ணை மணப்பதற்குத் தளர்ந்தபோது, இறையருளால் கூந்தல் முன்போல் வளர்ந்ததெனக் கதை நிறைவுறுகிறது. வெட்டிய கூந்தல் தானே விரைந்து செழிக்கும் எனக் கருதப்பட்டிருப்பின் இக்கதையில் தந்தையின் ஈகைக்குப் பெருமை இல்லை, அற்புதத்திற்கும் இடமில்லை. அரிந்த கூந்தல் எளிதில் மீளாது என்னும் உலகியல் அறிவின் மீதே அக்கதை கட்டப்பட்டுள்ளது.

சாத்திர, மருத்துவ நூல்களின் நிலை

குழந்தைக்கு முடி களையும் சடங்கை வடமொழி நூல்கள் சூடாகரணம் என்கின்றன. மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தின் 35ஆம் சுலோகம் அதனை முதலாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ செய்ய விதிக்கிறது. அங்குக் காட்டப்படும் காரணம் அறமும் வேத விதியுமே. முடியின் அடர்த்தி அங்குப் பேசப்படவில்லை.

மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதை தரும் சான்று இன்னும் தெளிவானது. அதன் சூத்திரத்தானத்து ஐந்தாம் அத்தியாயம் நாள்தோறும் பின்பற்றத்தக்க ஒழுக்கங்களைத் தொகுத்துரைக்கிறது. தலைக்கு எண்ணெய் தேய்ப்பதன் பயன்களாகத் தலைவலி இன்மை, வழுக்கையும் நரையும் அணுகாமை, முடி உதிராமை, வேர் உறுதிப்படுதல், முடி நீண்டு கருத்தல் ஆகியவற்றை அது கூறுகிறது. அதே அத்தியாயம் முடி, தாடி, நகம் ஆகியவற்றைத் திருத்துவதன் பயன்களையும் தனியே கூறுகிறது. உடல் வலிமை, ஆயுள், தூய்மை, அழகு என்பன அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. முடி நீளும் என்பது அதில் இல்லை. நீளத்தை எண்ணெயோடும், தூய்மையையும் பொலிவையும் கத்தரிப்போடும் இந்நூல் இணைத்துள்ளமை நோக்கத்தக்கது.

ஆகவே, வெட்டினால் வளரும் என்னும் கருத்தை முன்னோர் வகுத்த மருத்துவக் கோட்பாடாகக் கொள்வதற்கு இந்நூல்கள் இடந்தரவில்லை. மக்கள் வழக்கில் அது நெடுங்காலமாக இருந்திருக்கலாம். ஆயினும் மக்கள் வழக்கு வேறு, நூல் வழக்கு வேறு என்னும் வரையறையை ஆய்வாளர் மறத்தலாகாது.

செடியும் முடியும்

இந்நம்பிக்கை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேலைநாட்டு முடிதிருத்துநர்கள், வெட்டிய முடியின் நுனியை எரியும் திரியால் பொசுக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். முடி ஒரு குழாய் போன்றது, வெட்டிய வாய் வழியே அதன் சாறு வடிந்துவிடும், தீயால் அவ்வாயை அடைத்தால் முடி வலுப்பெறும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இவ்வாறான விளக்கங்களுக்கு அடியில் இருப்பது செடியோடு முடியை ஒப்பிடும் மனப்போக்கு எனலாம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை அறிந்தவர்க்குக் கவாத்து என்னும் சொல் புதியதன்று. கவாத்து வெட்டப்பட்ட தேயிலைச் செடி பக்கக் கிளைகள் விட்டுத் தழைக்கிறது. தண்டில் உயிருள்ள மொட்டுகள் இருப்பதும், நுனிமொட்டு நீங்கியபின் அவை கிளர்ந்தெழுவதுமே அதற்குக் காரணம். முடித்தண்டில் மொட்டும் இல்லை, சாறும் இல்லை. அது கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழை. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால் மட்டுமே. நுனியில் கத்தரி பட்டதை மயிர்க்கால் அறிய வழியில்லை.

ஆய்வுக்கூடச் சான்றுகள்

இதனை அளந்து காட்டியவர்களுள் முன்னோடியாகக் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர். அவர் 1928இல் வெளியிட்ட ஆய்வில், ஆடவர் நால்வர் ஒரே வகையான முறையில் முகச்சவரம் செய்துவர, மழித்த முடி அளந்து ஆராயப்பட்டது. சவரத்தால் முடியின் நிறமோ பருமனோ வளர்வேகமோ மாறவில்லை என்பது அதன் முடிவு. 1970இல் லின்ஃபீல்டு, மெக்வில்லியம்ஸ் ஆகிய இருவரும் வேறொரு முறையைக் கையாண்டனர். இளைஞர் ஐவரின் ஒரு காலை மட்டும் வாரந்தோறும் பல மாதங்கள் மழித்து, மற்றக் காலை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தனர். முடியின் எடை, பருமன், வளர்வேகம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இவ்வொப்பீட்டுக்கு நிகரானதொரு வாய்ப்பு நம் முன்னோர் தலையிலேயே இருந்தது. குடுமி வைத்தவர் முன்தலையை மழித்துப் பின்தலையை வளர்த்தனர். ஒரே தலையில் மழித்த பகுதியும் மழிக்காத பகுதியும் அருகருகே இருந்தன. எனினும் கண்ணெதிரே இருப்பதைக் காண்பது வேறு. அதனை அளந்து ஒப்பிடுவது வேறு.

அவ்வாறாயின் மழித்தபின் முடி அடர்ந்ததாகத் தோன்றுவது ஏன்? வெட்டப்படாத முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். வெட்டிய முடி மொட்டையான நுனியோடு வெளிவருவதால் தடித்துத் தோன்றும், தடவும்போது சொரசொரப்பாகவும் இருக்கும். குழந்தையைப் பொறுத்தவரை, பிறந்தபோது இருந்த மென்முடி முதற்சில மாதங்களில் இயல்பாகவே உதிர்ந்து, நாளடைவில் தடித்த முடி தோன்றுகிறது. மொட்டையடிக்கும் காலமும் இம்மாற்றத்தின் காலமும் ஒன்றையொன்று ஒட்டி வருவதால், இயற்கையின் செயல் கத்தியின் செயலாகக் கருதப்பட்டுவிட்டது.

நுனி வெட்டின் உண்மைப் பயன்

தலைமுடி சராசரியாக மாதத்திற்கு 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஒவ்வொரு முடியும் ஏறத்தாழ 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, ஓய்வுற்று, உதிர்ந்து, புதிய முடிக்கு இடம் விடுகிறது. வளர்பருவம் 2 ஆண்டாயின் முடி 24 சென்டிமீட்டர் அளவிலும், 6 ஆண்டாயின் 72 சென்டிமீட்டர் அளவிலும் நின்றுவிடும். இப்பருவத்தின் நீளம் பெரிதும் மரபணுவைப் பொறுத்தது. 1973 முதல் முடி வளர்த்துவந்த சீனப் பெண்மணி சியே சியுபிங் என்பாரின் கூந்தல் 2004ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் அளக்கப்பட்டு 5.627 மீட்டர் எனக் கின்னஸ் பதிவு பெற்றது. இயற்கை அளிக்கும் வேறுபாட்டின் எல்லையை இது காட்டுகிறது.

இக்கணக்கை நுனி வெட்டோடு பொருத்திக் காண்போம். இரு மாதங்களுக்கு ஒருமுறை 2 சென்டிமீட்டர் வெட்டுபவர் ஆண்டுக்கு 12 சென்டிமீட்டர் இழக்கிறார். அது அவ்வாண்டின் வளர்ச்சி முழுவதற்கும் சமம். அத்தகையவர் கூந்தல் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பினும் நீளாது.

எனினும், நுனி வெட்டு முற்றிலும் பயனற்றது எனக் கொள்வதும் பொருந்தாது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி ஐந்தாண்டுப் பழமையுடையது. வெயிலும் சீப்பும் சூடும் சாயமும் அதனைத் தேய்த்திருக்கும். நுனி பிளந்தால் இழை மேலும் பிரிந்து ஒடியக்கூடும். வேரில் வளர்வது நுனியில் முறிந்து போனால் கூந்தல் ஒரே அளவில் நிற்பதாகத் தோன்றும். பிளந்த பகுதியைச் சிறிதளவு நீக்குவது அம்முறிவைக் குறைத்து, கிடைத்த நீளத்தைக் காக்க உதவும். வெட்ட வேண்டிய காலத்தை முடிவு செய்ய வேண்டியது முடியின் நிலையே, நாட்காட்டி அன்று.

நம் இல்லத்து மரபாகிய எண்ணெயும் பின்னலும் இப்பாதுகாப்போடு தொடர்புடையவை. ரேலே, மோகிலே ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் போலன்றித் தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைப்பதாகக் காட்டியது. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனமொன்றைச் சேர்ந்தவர்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். எண்ணெயால் முடி நீளும் எனச் சரகர் கூறியதில் வேர் பற்றிய விளக்கத்தை இவ்வாய்வு உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் எண்ணெயிட்ட முடி எளிதில் சிதையாது என்னும் அனுபவம் அவர் கூற்றின் பின்னணியில் இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. வெட்டுவதால் முடி வளர்வதில்லை. பழுதுற்ற நுனியை அளவோடு நீக்குவது நீளத்தைக் காக்கத் துணைசெய்யும். இங்கு எடுத்துக்கொண்ட பழைய நூல்கள் முடி நீக்கத்திற்குத் துயர், காணிக்கை, அறம், தூய்மை ஆகியவற்றையே காரணமாகக் காட்டுகின்றன.

மூன்றாவது முடிவு ஆசிரியர்களுக்குச் சிறப்பாக உரியது. பத்துமலையில் தைப்பூசத்தின்போது மொட்டையடித்த குழந்தையைக் கண்டு ஏன் எனக் கேட்கும் மாணவனுக்கு, முடி நன்றாக வளரும் என்பதற்காக என விடை கூறுவது எளிது. ஆனால் அவன் அறிவியல் வகுப்பில் மயிர்க்காலைப் பற்றிப் படிக்கும் நாளில் அவ்விடை பொய்த்துவிடும். அதனோடு சடங்கும் பொருளற்றதாக அவனுக்குத் தோன்றலாம். தான் அருமையாகக் கருதும் ஒன்றை இறைவனுக்கு அளிக்கும் செயல் அது எனக் கூறினால், எந்த ஆய்வுக்கூடமும் அதனை மறுக்கப் போவதில்லை. மரபுக்கு இல்லாத அறிவியலை அதன்மேல் ஏற்றும்போது அறிவியலுக்கும் இழுக்கு நேர்கிறது, மரபின் உண்மைப் பொருளும் மறைந்து போகிறது. மானக்கஞ்சாறர் கதையை வகுப்பில் கூறும்போது, அரிந்த கூந்தல் மீள எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதையும் மாணவர்களைக் கணக்கிடச் செய்யலாம். அக்கணக்கு அத்தந்தையின் கொடையை மேலும் பெரிதாக்கிக் காட்டும்.