வாயுவும் ஜவ்வும்

1872இல் பாரிஸ் மருத்துவர் டூப்ளே, விறைத்துப்போகும் தோளைப் பற்றி எழுதினார். 1934இல் பாஸ்டனின் காட்மன் அதற்கு ‘உறைந்த தோள்’ என்று பெயர் வைத்தார். 1945இல் நெவியாசர், மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கியிருப்பதைக் காட்டினார். ஏன் சுருங்குகிறது என்பது இன்றும் முழுசாகப் பிடிபடவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது.

ராணிப்பேட்டையில் இதற்குப் பெயர் வேறு. தோல் கம்பெனியில் வேலை பார்த்த எங்க பெரியம்மா ‘வாயு புடிச்சிக்கிச்சு’ என்பார். வாயு என்றால் தைலம் தேய்க்கலாம், வெந்நீர் ஊற்றலாம், கையை மெல்ல ஆட்டிப் பார்க்கலாம். ஒருநாள் கலைந்துவிடும்.

இப்போது ஸ்கேன் வந்துவிட்டது. ‘ஜவ்வு கிழிஞ்சிருக்கு, தேய்மானம்’ என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். கிழிந்ததை யார் அசைப்பார்கள்? கை மடியிலேயே கிடக்கிறது. வயதானவர்களில் வலியே இல்லாத தோள்களிலும் ஸ்கேன் கிழிசல் காட்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

உறைந்த தோளுக்குத் தாங்குமளவு அசைவும் பொறுமையும் வேண்டும். இறுக்கம் தளர மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷங்கள். ஈரத்தோலைத் தூக்கிக் காயப்போட்டுக் கூலி வாங்குகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

வாயு என்ற விளக்கம் தப்புதான். ஆனால் அது கையை அசைய விட்டது. சரியான படத்தை வைத்துக்கொண்டு நாம் சொல்லும் சொல், அதே கையைக் கட்டிப்போடுகிறது.