பிரேஸிலில் ஜப்பானியர்

டோக்கியோப் பல்கலைக் கழகத்து மானிடவியலறிஞர் இஸுமி செயிச்சி, யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் வேண்டுகோளின்படி 1952-ஆம் ஆண்டில் பிரேஸில் சென்றார். அங்குக் குடியேறியிருந்த ஜப்பானியர் இரு கட்சியாய்ப் பிளவுண்டு கிடந்ததன் காரணத்தை ஆராய்வதே நோக்கம். உலக யுத்தத்தில் ஜப்பான் வென்றது என்று ஒரு கட்சி. தோற்றது என்று மற்றொரு கட்சி!

இஃது எங்ஙனம் நேர்ந்தது? மாணவர்கள் என்னுடன் சற்றுப் பின்னோக்கி வரவேண்டும். 1888-இல் பிரேஸிலில் அடிமை முறை ஒழிந்தது; காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1908-இல் கசாத்தோ மாரு என்னும் கப்பல் 781 ஒப்பந்தத் தொழிலாளரைக் கோபேயிலிருந்து சாந்தோஸ் துறைமுகத்தில் கொணர்ந்து இறக்கிற்று. குடும்பமாக வருவோரையே தோட்டத்தார் வேண்டினர். ஆதலால் உறவல்லாதார் சிலர் ஏட்டளவில் உறவினராகிக் கப்பலேறியதும் உண்டு. சில ஆண்டு உழைத்துப் பொருளீட்டி ஊர் திரும்புவதே அவர்தம் எண்ணம். திரும்பியவர் சிலரே.

தம் மொழியிலேயே அவர்கள் பள்ளி நடத்தினர், பத்திரிகையும் வெளியிட்டனர். 1938-இல் நாட்டுப்புறச் சிறுவர்க்கு அயல்மொழி கற்பித்தலை அரசு தடுத்தது. 1941-இல் ஜப்பானியப் பத்திரிகைகளும் நின்றன. போர்த்துக்கீசிய மொழி வாசிக்க அறியாத முதியோர்க்கு வதந்தியே செய்தியாயிற்று. பின்னர் விளைந்த கேட்டின் வேர் இத்தடையே என்பது என் துணிபு. 1945-இல் ஜப்பான் சரணடைந்த செய்தியைப் பகைவர் புனைவென்றே மிகப் பலர் கருதினர். தோல்வியை எடுத்துரைத்தவர்களை ஷிந்தோ ரென்மெய் என்னும் சங்கத்தார் துரோகிகள் என்றனர். 1946 முதல் 20 பேருக்கு மேல் கொலையுண்டனர். கொன்றாரும் மாண்டாரும் ஒரே இனத்தார்.

திரும்பிச் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டுப் பிரேஸிலையே பெரும்பாலோர் தம் ஊராகக் கொண்டது அதன் பின்னர்தான். இஸுமியின் ஆய்வு 1957-இல் நூலாக வெளிவந்தது.