சுஷி பிறந்தது வயல்காட்டில்!

சுஷி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு பிடி சோற்றின் மேல் வைத்த பச்சை மீன் துண்டுதான். அது டோக்கியோ நகரம் 'எடோ' என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1820களில் பரவிய அவசர உணவு. ஹனாயா யோஹேய் என்ற கடைக்காரர்தான் அதைப் பிரபலமாக்கினார் என்பார்கள். ஆனால் கிராமத்து சுஷியின் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல்!

சுஷி என்ற சொல்லே புளிப்பைக் குறிக்கும் பழைய ஜப்பானியச் சொல்லில் இருந்து வந்தது. மீன் ஒரு பருவத்தில் குவியும், மற்ற மாதங்களில் கிடைக்காது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் என்ன செய்வது? உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மேலே கல்லை ஏற்றினார்கள். சோறு புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் மீனைக் கெடாமல் காத்தது. இந்த முறை தென்கிழக்கு ஆசியாவிலிருந்து நெல் சாகுபடியோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 927-ல் தொகுக்கப்பட்ட 'எங்கிஷிகி' என்ற அரசு நூலில், வரியாகச் செலுத்தப்பட்ட பொருட்களில் சுஷியும் இருக்கிறது.

அந்தப் பழைய சுஷியின் வாரிசு, ஷிகா மாகாணத்து 'ஃபுனாசுஷி'. ஜப்பானின் மிகப்பெரிய ஏரியான பிவாவில் வாழும் நிகோரோபுனா என்ற கெண்டை இன மீனில் செய்வது. சினை மீனின் குடலை எடுத்து, சினையை விட்டுவிட்டு, பல மாதம் உப்பில் வைப்பார்கள். கோடையில் கழுவி, மரத்தொட்டியில் மீனும் சோறுமாக அடுக்கி, மீண்டும் மாதக்கணக்கில் ஊற வைப்பார்கள். வாசனை பழைய பாலாடைக்கட்டி போல மூக்கைத் துளைக்கும்! புத்தாண்டுக்கும் விருந்தாளிக்கும் பரிமாறுவார்கள். வயிற்றுக் கோளாறுக்கு இதுவே வீட்டு மருந்து.

மற்ற ஊர்களின் சுஷியிலும் அந்தந்த மண்ணின் கதை உண்டு. நாரா மலைக்கிராமங்களுக்குக் கடல் இல்லை. தூரத்திலிருந்து சுமந்து வந்த உப்புக் கானாங்கெளுத்தியை மெல்லியதாகச் சீவி, சோற்றோடு சீமைப்பனிச்சை இலையில் மடித்து, கோடைத் திருவிழாவுக்குச் செய்தார்கள். டோயாமாவில் மூங்கில் இலை விரித்த வட்டப் பெட்டியில் மீனையும் சோற்றையும் அழுத்துகிறார்கள்.

இன்று சிக்கல் ஃபுனாசுஷிக்குத்தான். நிகோரோபுனா முட்டையிடுவது கரையோர நாணலிலும், வாய்க்கால் வழியே ஏறிவரும் நெல் வயல்களிலும். 1972 முதல் 1997 வரை நடந்த ஏரி மேம்பாட்டுத் திட்டத்தில் கரைகள் கட்டப்பட்டன, நாணல் குறைந்தது. வாய்க்கால்கள் ஆழமாகி, மீன் வயலுக்கு ஏற முடியாமல் போனது. வெளிநாட்டு மீன்களான பிளாக் பாஸும் புளூகில்லும் குஞ்சுகளைத் தின்றன. வரத்து குறைந்தது, விலை ஏறியது. வீட்டுத் தொட்டியில் ஊறிய உணவு விலையுயர்ந்த பண்டமாகிவிட்டது.

இப்போது விவசாயிகள் சிலர் வாய்க்காலில் படிப்படியாகத் தடுப்பு வைத்து மீனை வயலுக்கு ஏற்றுகிறார்கள். அந்த வயலின் அரிசி 'மீன் தொட்டில்' என்ற பெயரோடு விற்பனையாகிறது. 2023-ல் இந்த வட்டாரத்து சுஷி தயாரிப்பு முறையை ஜப்பான் அரசு பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால் மட்டும் போதாது, மீனும் வயலுக்கு ஏற வேண்டும்!