பட்டுப் பசையில் கிடைத்த பாடம்

ஆரணியில் சாயத்துக்கும் தறிக்கும் போகுமுன் கச்சாப் பட்டைச் சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைப்பார்கள். எடையில் ஏறத்தாழக் கால் பங்கு பசையாகக் கரைந்துபோகும். நெசவாளிக்குக் கழிவான அந்தப் பசையில்தான் 1865இல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் கிராமர் செரின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டெடுத்தார். அதன் அணுக்கள் முப்பரிமாணத்தில் எப்படி நிற்கின்றன என்று கேட்க அன்று வழியில்லை. கார்பனின் நான்கு பிணைப்புகள் நான்முகியாக விரிகின்றன என்று வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே 1874இல்தான் சொன்னார்கள். அதன்பின் கைரல் மையத்தை, அதாவது மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை போன்ற இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களைத் தரும் கார்பனை, கண்டுபிடிப்பது எளிதானது: நான்கு பிணைப்பிலும் வெவ்வேறு தொகுதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அலனினின் நடுக்கார்பனில் ஹைட்ரஜன், மெத்தில், அமினோ, கார்பாக்சில், நான்கும் வேறு. கிளைசினிலோ ஹைட்ரஜனே இரண்டு, மையம் இல்லை.

பட்டிழையில் மிகுதி கிளைசின்தானே, கைரல் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்த பெரும்பங்கு அலனினும் செரினும். பட்டுப்புழு இரண்டையும் ஒரே கைவடிவில், இடக்கை வகையாகவே, கோக்கிறது. வலக்கை வகையும் கண்டபடி கலந்தால் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் படியா. இழைக்கு இந்த உறுதியும் வராது. விதியும் விலக்கும் ஒரே நூலில் கிடைப்பதால், ஆரணிப் பள்ளி ஆசிரியர்கள் இந்தப் பாடத்தைப் பட்டிலிருந்தே தொடங்கலாம்.