ஒரு காற்று, மூன்று பெயர்

கடலில் பிறந்து, சுழன்று வந்து, கரையை அழிக்கும் பெருங்காற்றை அட்லாண்டிக் கரையினர் ஹரிக்கேன் என்பர். சீன, ஜப்பானியக் கடல்களில் அது டைஃபூன். நம் இந்தியப் பெருங்கடலில் சைக்லோன். வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி மேலெழுவதால் வலுப்பெற்று, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இடஞ்சுழியாகவும் தெற்கே வலஞ்சுழியாகவும் சுற்றும் ஒரே காற்றுக்கு இடத்துக்கொரு பெயர்.

ஹரிக்கேன், கரீபியத் தீவுகளின் பழங்குடியினரான தைனோ மக்களின் சொல். ஸ்பானியர் வழியே ஐரோப்பா சென்றது. டைஃபூனின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. 'பெருங்காற்று' எனப் பொருள்படும் சீனச் சொல்லே அதன் மூலம் என்பார் உளர். கிரேக்கப் புராணத்து அரக்கன் டைஃபோனைக் காட்டுவாரும் உளர். ஆயினும் அரபு மொழியின் 'தூஃபான்' போர்த்துகீசியர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளில் கலந்ததை மறுப்பதற்கில்லை. நூஹ் நபி (அலை) காலத்துப் பெருவெள்ளத்தைத் திருக்குர்ஆன் குறிப்பிடுவதும் இச்சொல்லாலேயே. காற்றும் வெள்ளமும் ஒரு சொல்லில் அடங்கியது பொருத்தமே. புயலில் மடிவோருள் மிகப் பலரைக் கொல்வது நீர்தான்.

சைக்லோன் என்ற சொல்லோ வங்கத்தில் பிறந்தது. கப்பல் தலைவராகக் கடலில் திரிந்து கல்கத்தாவில் குடியேறிய ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர், புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தார். பிறர் முன்னரே கூறியிருந்த சுழற்சியை வங்கக்கடலில் உறுதிசெய்தார். பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லைத் தழுவி, மாலுமிகளுக்காக 1848இல் எழுதிய நூலில் இப்பெயரைச் சூட்டினார்.

பெயரிட்டதோடு அவர் அமையவில்லை. மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு முனைந்தபோது, புயலோடு எழும் கடலலை அவ்விடத்தை ஒருநாள் மூழ்கடிக்கும் என்று 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு எழுதினார். கேட்பார் இல்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. பிடிங்டன் 1858இல் மறைந்தார். 1867இல் வந்த புயல் அத்துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

அவர் அஞ்சிய அலை வங்கக்கடலின் வடமுனையில் பன்மடங்கு பெருகும். அங்கே கடல் ஆழமற்றது; கரைகள் புனல்போல் குறுகுகின்றன; எதிரே மேடற்ற கழிமுக நிலம். 1970 நவம்பர் 12 இரவு போலா தீவையும் அதன் சூழலையும் கடல் விழுங்கியது. அது ஹிஜ்ரி 1390, ரமலான் மாதம். முழுநிலவை ஒட்டிய நாளாதலால் கடலேற்றமும் மிகுந்திருந்தது. மாண்டவர் 3 முதல் 5 இலட்சம் என்பது மதிப்பீடு. துயர் துடைப்பதில் மேற்குப் பாகிஸ்தான் ஆட்சியாளர் காட்டிய மெத்தனம் மக்களின் சினத்தை மூட்டியது. மறுமாதத் தேர்தலிலும், 1971இல் வங்காளதேசம் பிறந்ததிலும் அச்சினத்துக்குப் பங்குண்டு.

புதிய நாடு தொண்டர்களைப் பயிற்றுவித்தது. ஊர்தோறும் ஒலிபெருக்கியில் எச்சரிக்கச் செய்தது. உயரமான புகலிடங்களைக் கட்டியது. பலன் உடனே கிட்டிவிடவில்லை. 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். ஆனால் 2007இல் சிதர் என்னும் கடும்புயல் தாக்கியபோது இறந்தோர் சுமார் 3,400. செல்வ நாடுகளின் கணக்கு வேறு: 1992இல் அமெரிக்காவைத் தாக்கிய ஆண்ட்ரூ ஹரிக்கேன் பறித்த உயிர்கள் 65, பொருட்சேதமோ ஏறத்தாழ 2,700 கோடி டாலர்.

2004 முதல் நம் கடற்பகுதி நாடுகளும் முறைவைத்துப் புயல்களுக்குத் தனிப்பெயர் இடுகின்றன. பாகிஸ்தான் தந்த பெயர்களுள் ஒன்று நர்கிஸ். மலரின் பெயர், நம் இல்லங்களில் பெண்மக்களுக்கு ஆசையோடு இடும் பெயர். 2008 மே மாதம் அப்பெயர் தாங்கிய புயல் மியான்மரின் ஐராவதி கழிமுகத்தில் புகுந்தது. இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 1,38,000 பேர். இந்திய வானிலைத் துறை முன்கூட்டியே அந்நாட்டு அரசுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. கழிமுகத்துக் குடிசைகளுக்கு அது உரியவாறு போய்ச் சேரவில்லை.