கூடலூர்: சாலைகள் கூடும் மலைநகரும் தீராத நிலவழக்கும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்குச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கூடலூர், உதகையிலிருந்து நடுவட்டம் வழியாக இறங்கும் சாலையும், முதுமலை, பந்திப்பூர்க் காடுகளை ஊடுருவி மைசூருக்குச் செல்லும் சாலையும், நிலம்பூருக்கும் சுல்தான் பத்தேரிக்கும் போகும் கேரளச் சாலைகளும் சந்திக்கும் ஊராகும். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் நிலமாதலால், உதகைப் பகுதியின் மலைக்காய்கறிகளுக்கு மாறாக இங்குச் சரிவுகளில் தேயிலையும் காப்பியும் மிளகும், சதுப்பான பள்ளங்களில் நெல்லும் இஞ்சியும் விளைகின்றன.

இப்பகுதி தென்கிழக்கு வயநாடு என்ற பெயரில் மலபார் மாவட்டத்தில் இருந்து, 1877இல் நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. ஆட்சி எல்லை மாறியபோதும் மலபாரின் ஜென்ம முறை, அதாவது நிலமும் காடும் பரம்பரை உரிமையாக ஜென்மிகளிடம் இருக்க, உழுவோரும் தோட்டக்காரரும் அவர்களுக்குக் குத்தகை செலுத்தும் முறை, மாறாமல் நீடித்தது. நிலம்பூர் கோவிலகம் அத்தகைய பெரும் ஜென்மியாகும்.

பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர் ஆகிய பழங்குடியினரும், நெல் வேளாண்மை செய்த மவுண்டாடன் செட்டியாரும் வாழ்ந்த இம்மண்ணுக்குப் பின்னர் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வந்தனர். 1880ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் தங்கம் தேடி லண்டனில் பங்கு திரட்டிய நிறுவனங்கள் வந்து சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போயின. 1940களிலிருந்து கேரளத்து உழவர் குடியேறினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோருக்கு வேலை அளிப்பதற்காக 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று.

வந்தோர் பெருகப் பெருக நிலம் யாருடையது என்ற கேள்வியும் கூர்மையடைந்தது. ஜென்ம முறையை ஒழித்து நிலங்களை ரயத்துவாரியாக, அதாவது அரசுக்கு நேரே தீர்வை செலுத்தும் நிலமாக, மாற்றுவதற்குத் தமிழக அரசு 1969இல் தனிச்சட்டம் இயற்றியது. அதில் காடுகளை அரசுடைமையாக்கும் பகுதி செல்லாது என 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, நீதிமன்ற ஆய்விலிருந்து சட்டங்களைக் காக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இச்சட்டம் 1974இல் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்து நடந்த கொயலோ வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24க்குப் பின் அவ்வட்டவணையில் சேர்ந்த சட்டங்களும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்கு உட்பட்டவையே என 2007இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரையறுத்தது. இங்குள்ள ஜென்ம நிலங்களில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், அரசு ஆவணத்தில் எவ்வகை உடைமையாக இருப்பினும் காட்டின் இயல்புடைய நிலம் காடே என 1996இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் இரு முடிவுகள் இம்மலைநகரின் நிலச்சிக்கலிலிருந்து பிறந்திருப்பினும், குத்தகையுரிமை முடிவாகாத, உள்ளூரில் ‘பிரிவு 17 நிலம்’ எனப்படும் பகுதிகளில் குடியிருப்போர் பலர் பட்டாவும் மின் இணைப்பும் கேட்டு மனுக் கொடுக்கும் நிலை நீடிக்கிறது. மேலும், வனவிலங்குப் பாதுகாப்புக்காக மைசூர்ச் சாலையின் பந்திப்பூர்ப் பகுதியில் 2009 முதல் இரவுப் போக்குவரத்து தடைசெய்யப்பட்டுள்ளது. ஆதலால் கூடலூரின் வணிகத்தைச் சாலைகள் வளர்த்தன எனினும், அங்கு வாழ்வோரின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் ஆற்றல் நில உரிமைக்கும் வனச்சட்டத்துக்குமே உள்ளது.